ஒன்றரை மணி பின்னால்

பெங்களூரு,
3.10.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மோகன் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? சாமை அறுப்புக்கு ஆள் கிடைத்ததா?

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டியும் வரும். நதியா அக்கா, வழக்கம்போல முதலில் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு பெட்டியைத் திறங்கள். உள்ளே இருப்பதெல்லாம் கண்ணாடி.

அப்பா, போன கடிதத்தில் சுவர்க் கடிகாரம் மறுபடி நின்றுவிட்டது, புது செல் போட்டாலும் நாளுக்கு ஒரு பொய் சொல்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கே உங்களுக்கு ஒரு கடிகாரம் செய்ய உட்கார்ந்தேன். வேலை விட்டு வந்ததும் எதையாவது பிரித்து மாட்டிக்கொண்டிருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். உங்கள் ரேடியோவைப் பிரித்துப் போட்டு முதுகில் வாங்கியவன் அல்லவா!

இதில் முள் கிடையாது. விரல் தடிமனில் ஆறு கண்ணாடிக் குழாய்கள் நிற்கும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கம்பியில் வளைத்த பத்து எண்கள், ஒன்றன் பின்னால் ஒன்றாக. எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ அது மட்டும் தணல்போல் ஒளிரும். உங்கள் வாலிப காலத்தில் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருந்த சாமான். இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு அளவுக் கருவி கிடந்தது, அதிலிருந்து கழற்றினேன். நிக்ஸி குழாய் என்று என்னைப் போன்ற கிறுக்கர்கள் கொண்டாடுவார்கள்.

இதன் சூட்சுமம் வேறு. கூடவே ஒரு கறுப்பு வில்லை, நீளமான ஒயரோடு இருக்கும். அதை ஓட்டின் மேல் வானம் தெரிகிற இடத்தில் வையுங்கள். மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகளிடம் நேரத்தைக் கேட்டு வாங்கிக் கடிகாரத்துக்குக் கொடுக்கும். சாவி வேண்டாம், திருப்ப வேண்டாம். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் வானத்தைக் கேட்டுத் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். யார் என்ன செய்தாலும் இந்தக் கடிகாரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது அப்பா.

மூடியைத் திறந்து உள்ளே கை விட வேண்டாம். கரண்ட் பலமாக அடிக்கும்.

இங்கே மழை. ஆபீஸ் வேலை எப்போதும்போல.

உங்கள் பாசமுள்ள மகன்,
மோகன்

---

நெல்லிக்கொல்லை,
ஜவ்வாது மலை,
14.10.2025

மகன் மோகனுக்கு அப்பன் வேடியப்பன் சொல்ல, தபால் ஆபீசு நதியா எழுதுவது.

இங்கே யாருக்கும் குறை இல்லை. சாமை அறுத்தாகிவிட்டது. உன் அம்மா முட்டிக்கு எண்ணெய் போடுகிறாள். கோயில் பக்கம் ஏறுவதுதான் இல்லை. இரண்டு வருஷமாகிறது. அம்மன் வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் உண்டு.

பெட்டி வந்தது. நதியாதான் பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வில்லையை ஓட்டில் வைத்துப் பிளக்கைச் சொருகினோம். முதலில் ஆறு குழாயிலும் சுழி. கொஞ்ச நேரம் சுழியாகவே நின்றது. உன் பிள்ளை எனக்கு முட்டை போட்டுவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, ஆறு எண்ணும் ஒரே அடியில் எரிந்துவிட்டது.

மோகனு, உண்மையைச் சொல்கிறேன், நான் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். திருப்பத்தூர் புளி மண்டியில் மூட்டைக்குக் கரியால் எண் போட்டுப் பழகிய கை. மூட்டை வராத நாளுக்குச் சுழி போடுவேன். ஆனால் ஆறு எண்ணை இப்படி வரிசையாக நான் ஒரு தடவைதான் உற்றுப் பார்த்திருக்கிறேன். மெட்ராஸ் ஏர்போர்ட்டில், உன் அண்ணன் பூபாலன் வந்த பெட்டியின் மேல். நான்கு, ஒன்று, ஏழு, ஏழு, சுழி, இரண்டு. உள்ளே இருப்பவன் யார் என்று எல்லாரும் காகிதத்தைப் படித்தார்கள். நான் எண்ணைப் படித்தேன். அது போகட்டும். நீ ஆசையாகச் செய்தது. அதைப் போய்ப் பிணப்பெட்டியோடு சேர்த்துப் பேசுகிறேன், கிழவன் புத்தி.

ஊர் மொத்தமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு சாந்தம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னாண்ணா, வூட்டுக்குள்ள பலவ மேல அடுப்பு வெச்சிகினு கீறீங்க?" என்றாள். "தொட்டுப் பாரு, சுடாது" என்றேன். "நீ தொடு, நான் பாக்கறேன்" என்கிறாள். யாரோ அதற்குக் குங்குமம் வேறு வைத்துவிட்டார்கள். துடைத்தேன்.

இப்போது குறையைச் சொல்கிறேன். உன் கடிகாரம் நேரம் தப்பிக் காட்டுகிறது. காலையில் ஏழு பத்துக்கு நம் ஊர் முக்கில் பஸ் ஆரன் அடிப்பான். ஆரன் அடிக்கிறான், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், ஐந்து நாற்பது என்கிறது. புது இடம், பழகட்டும் என்று விட்டேன். மறுநாளும் ஐந்து நாற்பது. உன் சாட்டிலைட்டு ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறதா?

இதைச் சொன்னதும் நதியா பேனாவை நிறுத்திவிட்டு, "வேணாம் பெரியப்பா, அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆசையா செஞ்சி அனுப்பியிருக்காரு, மனசு வருத்தப்படும்" என்கிறாள். எழுது என்றேன். உன் அம்மாவோ அன்றிலிருந்து அதன் மேல் துண்டைப் போட்டு மூடுகிறாள். கண் கூசுகிறதாம். நான் எடுக்கிறேன், அவள் மூடுகிறாள். இதே பிழைப்பாக இருக்கிறது.

ஒரு போன் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். பூபாலன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த சேதி அந்தச் சாமானில்தான் என் காதுக்கு வந்தது. ஒரு தடவை கேட்டது போதும். கடிதம் வரட்டும். மெதுவாக வருவது மெதுவாகத்தான் கொல்லும்.

இரண்டு பொங்கலுக்கு நீ வரவில்லை. பெங்களூர் என்ன கடலுக்கு அந்தப் பக்கமா? வேலை என்கிறாய், சரி. காளியம்மன் கோயில் கடுக்காய் மரத்தில் நம் முடிச்சு இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலை இல்லை. அண்ணனை எடுத்துப் போட்ட வாரம் என் வேட்டிக் கரையைக் கிழித்து, கடல் தாண்ட மாட்டேன் என்று நீ சொல்ல, நீ ஒரு முனை நான் ஒரு முனை பிடித்துக் கட்டினோமே. கட்டிய இரண்டு கையும் சேர்ந்துதான் அதை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் வாக்கு மீறினால் அம்மன் ஆளையே கேட்பாள். அது தெரிந்த பிள்ளை நீ.

கடிகாரத்துக்கு என்ன செய்வது என்று எழுது.

வேடியப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

---

பெங்களூரு,
24.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவசரமாக எழுதுகிறேன்.

கடிகாரத்தில் பழுது இருக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நதியா அக்கா வந்த பெட்டியிலேயே வைத்துக் கட்டி, மேலே எழுதியிருக்கும் என் நண்பன் அஜய் முகவரிக்குத் திருப்பி அனுப்பட்டும். மலையில் மரங்கள் அதிகம், வானம் மறைந்தால் சாட்டிலைட் நேரம் பிசகும் போலிருக்கிறது. நான் யோசிக்கவில்லை.

ரிப்பேர் செய்கிறேன் என்று யாராவது வந்தால் தொட விடாதீர்கள். யாரிடமும் காட்டவே வேண்டாம். அம்மா மூடி வைப்பதுதான் சரி.

சரி செய்து வேறு அனுப்புகிறேன். இதைப் பற்றி மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

மோகன்

---

நெல்லிக்கொல்லை,
2.11.2025

மோகனுக்கு.

இது நதியா எழுத்து இல்லை. காவலூர் டெலஸ்கோப்பில் ஜெனரேட்டர் பார்க்கிற விஜயராஜ் எழுத்து. நான் சொல்கிறதில் ஒரு சொல் குறையாமல் எழுது, எழுதினதைத் திருப்பிப் படித்துக் காட்டு, நடுவில் ஒரு தடவை படி, முடிவில் ஒரு தடவை படி என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். இனிமேல் எனக்கு இப்படித்தான்.

உன் கடிதத்தை நதியா படித்தாள். பிடுங்கு, மூடு, யாருக்கும் காட்டாதே. எனக்கு அது ஒட்டவில்லை. முதல் கடிதத்தில் நீ சொன்னதென்ன? "யார் என்ன செய்தாலும் இந்தக் கடிகாரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது." எழுதி வைக்கத் தெரியாதவனுக்குக் கேட்டது போகாது, மோகனு. பொய் தெரியாத சாமானுக்கு மூன்று வாரத்தில் எப்படிப் பொய் வந்தது? வீட்டுக்கு மேலே மரமும் கிடையாது. பலாவை வெட்டி வருஷம் எட்டு. அதைக்கூடவா மறந்துவிட்டாய்?

நான் கட்டவில்லை. பலகை மேலேயே எரியவிட்டேன்.

விஜயராஜ் தேன் வாங்க வந்தான். கடிகாரத்தைப் பார்த்ததும் தேனை மறந்துவிட்டான். சுற்றிச் சுற்றி வந்தான். தன் போனை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தான்.

"ஐயா, இது கெட்டுப் போவலீங்க. நொடிய பாருங்க, என் போனோட ஒண்ணா தட்டுது. துளி முன்ன பின்ன இல்ல. செஞ்சவரு கெட்டிக்காரரு."

"நொடி இருக்கட்டும். மணி?"

"மணி வேற ஊரு மணி. இத செஞ்சவரு வேற தேசத்துல குந்திகினு செஞ்சிருக்காரு."

"என் புள்ள பெங்களூர்ல செஞ்சாண்டா."

"பெங்களூரும் நம்பளும் ஒரே மணிதாங்க. ஒன்ற மணி பின்னாடின்னா துபாயி, மஸ்கட்டு, அந்தப் பக்கம். என் மச்சான் அங்கதான் கீறான். காலையில ஏழு மணிக்கு போன் போட்டா, அஞ்சரைக்கே எழுப்பி வுட்டியேடான்னு திட்டுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான், பாவம். இப்போது எழுதுகிறபோது சிரிக்கவில்லை. எழுதுடா, அதையும் எழுது.

உன் அம்மா மூலையில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது. நான் அவளைப் பார்த்தேன், அவள் முறத்தைப் பார்த்தாள்.

"மங்கா, இவன் இன்னா சொல்றான்?"

இவன் உளறுகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

தபால் ஆபீசுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. செருப்பு போடவில்லை என்று போன பிறகுதான் பார்த்தேன். நதியா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"என் புள்ள எங்க கீறான்?"

"குந்துங்க பெரியப்பா. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். எங்க கீறான்?"

முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். "மஸ்கட்டுல. நல்லாத்தான் கீறாரு பெரியப்பா. பெரியம்மாதான் உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாங்க."

"அப்ப நீ இத்தினி நாளா எனக்குப் படிச்சது?"

"எழுதியிருந்தத தான் படிச்சேன். ஒரு எழுத்து மாத்தல."

"எழுதனவன் அங்க இல்லன்னு தெரிஞ்சிகினே படிச்ச."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. நீ அங்கிருந்து போனில் அனுப்புவாய், அஜய் பெங்களூரில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதித் தபாலில் போடுவான். உன் கையெழுத்துகூட உன்னது இல்லை. ரேசன் கடைக்கு என்று உன் அம்மா வாரா வாரம் போனதெல்லாம் தபால் ஆபீசு பின்னால் பாறை மேல் நின்று நதியா போனில் உன்னோடு பேச. சாந்தம்மாளுக்குத் தெரியும். பஸ் கண்டக்டருக்குத் தெரியும். எழுத்து தெரிந்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, தெரியாதவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் பெங்களூர்.

நீ ஏமாற்றினாய் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. முடிச்சு! முடிச்சு அவிழாமல் கடல் தாண்டியிருக்கிறாய். இரண்டு வருஷமாக வாக்கு மீறின ஆளாக நீ அங்கே நடமாடிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்திருந்தால் நான் அம்மன் காலில் விழுந்து கிடந்திருப்பேன். விழக்கூட விடாமல் அல்லவா செய்துவிட்டீர்கள்!

அங்கிருந்தே கோயிலுக்கு ஏறினேன். கடுக்காய் மரத்தில் தெற்குப் பக்கம் தாழ்ந்த கிளை, கவை பிரிகிற இடம். கட்டினவனுக்குத் தெரியாதா? கிளை இல்லை. ஒடித்த இடம் கறுத்துக் காய்ந்திருந்தது. மாடு ஒடித்த மாதிரி இல்லை, கையால் முறுக்கி ஒடித்த மாதிரி. என் கண்ணில் பூபாலன் பெட்டிதான் தெரிந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். உன் அம்மா. முட்டியை இழுத்துக்கொண்டு அவ்வளவு படியும் ஏறி வந்திருக்கிறாள். கோயில் எல்லைக்கு வெளியே நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை.

"தேடாத. இங்க கீது" என்றாள்.

தாலிக் கயிற்றை வெளியே எடுத்தாள். தாலிக்குப் பக்கத்தில் என் வேட்டிக் கரை. மஞ்சள் போய் அழுக்கேறி, ஆனால் முடிச்சு அப்படியே.

"அவன் ஏரோபிளேன் ஏறுன அன்னிக்கு கிளைய ஒடிச்சி உருவிகினு வந்தேன். முடிச்ச அவுக்கல. கட்டனது நான் இல்லியே. என் கழுத்துல போட்டுகினேன். அம்மனுக்கு ஆளு வேணும்னா என்ன கேக்கட்டும். அவன வுட்டுடட்டும்."

கோயிலுக்கு வராமல் இருந்தது முட்டிவலியால் இல்லையாம். அம்மன் எதிரே வந்து நின்றால் அப்போதே கேட்டுவிடுவாளோ என்று பயமாம்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் தின்றுகொண்டு, அவள் கழுத்தில் அது இரண்டு வருஷம் தொங்கியிருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன் எந்த மாடு எந்தக் கொல்லையில் மேய்ந்தது என்று சொல்லுவேன் நான். இது தெரியவில்லை.

அங்கேயே அறுத்துவிடலாம் என்று கை போனது. அறுக்கக் கூடாது, அவிழ்க்க வேண்டும். அதற்கு உன் கை வேண்டும். உன்னை வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. உன் மேல் கோபமா என்று விஜயராஜ் கேட்கிறான். கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். தலையில் கட்டையால் அடி வாங்கின மாடு மாதிரி நிற்கிறேன்.

இத்தனை வருஷத்தில் நீ அனுப்பினதில் நடுவே ஆள் இல்லாமல் நானே படித்தது இந்தக் கடிகாரம் ஒன்றுதான். படித்துவிட்டேன்.

இனிமேல் நான் கடிதம் சொல்ல மாட்டேன். இதை எந்த ஊருக்கு அனுப்புவது என்று விஜயராஜ் கேட்கிறான். தெரிந்த முகவரிக்கே போடச் சொன்னேன்.

வேடியப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

---

மஸ்கட்,
18.11.2025

அப்பா,

இது என் கையெழுத்து. யாரை வைத்து வேண்டுமானாலும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முழுதும் கேட்டுவிட்டுக் கிழிக்க வேண்டுமென்றால் கிழித்துவிடுங்கள்.

அஜய் உங்கள் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வேலை செய்கிற இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். கோயில் வாசலில் அம்மா கயிற்றை வெளியே எடுத்த இடத்துக்கு வந்ததும் அதற்கு மேல் ஓடவில்லை. என்னோடு இருக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்கள்.

அம்மா கழுத்தில் அது இருப்பது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. பெங்களூரில் வேலை போய் மாதக் கணக்கில் அறையில் கிடந்தேன். கூப்பிட்டவர்கள் இங்கிருந்து மட்டும்தான் கூப்பிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "போ. அப்பாவையும் அம்மனையும் நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்பாவை எப்படிச் சமாளிப்பாள் என்று யோசித்தேன். அம்மனை எப்படிச் சமாளிப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அந்தத் துணி அம்மா கழுத்தில் இருக்கிறவரை எனக்குச் சோறு இறங்காது என்று மட்டும் தெரிகிறது.

இது அண்ணன் விழுந்த ஊர் இல்லை. எனக்குச் சாரம் ஏறுகிற வேலையும் இல்லை. நான்கு சுவருக்குள் உட்கார்ந்து அளவுக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். கடிகாரத்தை என் மேசை மேல் வைத்துச் செய்தேன். சாட்டிலைட் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு நேரத்தைத்தான் சொல்லும். அதற்கு மேல் எந்த ஊர் மணி என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மஸ்கட் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். பார்த்துப் பார்த்து இந்த மணியே என் கண்ணுக்குச் சொந்த ஊர் மணியாகிவிட்டது. ஊருக்குப் போகிற ஒருவரிடம் கட்டிக் கொடுக்கும்போது மாற்ற மறந்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் ஐந்து நாற்பது என்று படித்ததும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயந்துவிட்டேன். அதனால்தான் மூடு, பிடுங்கு என்று உளறினேன். பலா மரத்தை வெட்டியதும் நினைவில்லை.

அப்பா, விடுப்பு கேட்டிருக்கிறேன், தருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். எந்தத் தேதி என்று நான் குறிக்கவில்லை. நீங்கள் வரச் சொல்லாமல் அந்தப் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. கட்டிய இரண்டு கையும் சேர வேண்டும் என்றால் இன்னொரு கை உங்களுடையது. அது வரவேண்டாம் என்றால் நான் வந்தும் ஒன்றும் ஆகாது.

நீங்கள் இனி யாரிடமும் கடிதம் சொல்ல மாட்டீர்கள். தெரிகிறது. அதனால் இப்படிக் கேட்கிறேன். கடிகாரத்தின் பின்னால் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை ஒரு தடவை அழுத்தினால் நம் மலை மணிக்கு மாறிவிடும். பஸ் ஆரன் அடிக்கும்போது ஏழு பத்து காட்டும். அழுத்தாமல் விட்டால் எப்போதும்போல ஐந்து நாற்பது. என் மணி அந்த வீட்டில் ஓட வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அழுத்திவிடுங்கள். ஒரு நாள் காலையில் பஸ் ஆரன் கேட்டதும் அதில் தெரிகிற எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் போடுங்கள். ஒரு எண் போதும். உங்களுக்கும் எனக்கும் நடுவே யாரும் வேண்டாம்.

வா என்று தோன்றினால் தேதியையும் நீங்களே எண்ணில் எழுதுங்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே வந்து இறங்குவேன். முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்து அந்தப் பொத்தானை நானே அழுத்துகிறேன்.

என் முகவரி கீழே இருக்கிறது. இது நிஜமான முகவரி.

மோகன்

---

அனுப்புநர்: வேடியப்பன், நெல்லிக்கொல்லை, ஜவ்வாது மலை.
பெறுநர்: மோகன், மஸ்கட், ஓமன்.

(பெரியப்பா முகவரி மட்டும் எழுதச் சொன்னார். உள்ளே இருப்பதை நான் பார்க்கவில்லை. உறையை அவரே ஒட்டிக் கொண்டுவந்தார். — நதியா)

5 40
5 40
5 55
5 40
0
6 25
5 45
5 40
0
0
5 40
5 50
5 40
5 40

16 1
7 10